நான் எழுதாத மனு

அண்ணனின் ஆடுகள் சாகத் தொடங்கியபோது நான் நாயுடுபுரத்தில் ஒரு சிறிய லேப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது, கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, மலேரியா உண்டு, இல்லை என்று ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. சனிக்கிழமை மாலை பஸ் ஏறி, மேல்மலையில் இருக்கும் எங்கள் ஊரான மன்னவனூர் போவேன். அங்கே அண்ணனும் அண்ணியும் இருபது ஆடு வளர்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒரே வாரத்தில் மூன்று ஆடு செத்திருந்தது. நான்காவது பட்டியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. அண்ணி தரையைக் காட்டினாள். அது மூத்திரம் பெய்த இடம் கடுங்காப்பி கொட்டியதுபோல் இருந்தது. கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் துளி சிவப்பு இல்லை. வெளுத்து, லேசாக மஞ்சள் ஓடியிருந்தது.

"விஷந்தான்" என்றார் அண்ணன். "அந்தக் கண்டிக்காரி மயில்துத்தம் அடிச்ச காட்டு ஓரமாத்தான் மேஞ்சுச்சு. வேணும்னே வரப்புல ஊத்தி வச்சிருக்கா."

கண்டிக்காரி என்று ஊர் சொன்னது, எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு அடுத்த காட்டில் உருளைக்கிழங்கு போட்டிருந்த பெண்ணை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவள் பிறந்தது இந்த மலையில்தான். ஐம்பது வயதாகப் போகிறது, பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. கிழங்குச் செடி கருகாமலிருக்க எல்லோரும்தான் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தார்கள். ஆனால் ஆடு உள்ளே வந்தால் கல்லை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான்.

"போலீசுக்கு மனு குடுக்கணும். ஒங் கையெழுத்துத்தான் நல்லாருக்கும். வெரசா எழுது புள்ள, எல்லாரும் கையெழுத்துப் போடுறோம்."

பேப்பரும் பேனாவும் தயாராக இருந்தன. நான் உட்காரவில்லை.

"ரத்தம் பாக்காம எழுத மாட்டேண்ணே."

"எந்த ரத்தம்?"

"ஆட்டு ரத்தம். காது கொதிக்குது, தொட்டுப் பாருங்க. விஷம்னா காய்ச்சல் எதுக்கு வருது?"

உண்மையில் விஷத்துக்குக் காய்ச்சல் வருமா வராதா என்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் லேப்பில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்ப மட்டும் எதையும் பார்க்க வேண்டாமா? எனக்குக் கோபம்தான் வந்தது.

கூட்டத்தில் ஒருவர், "படிச்ச திமிரு" என்றார்.

"ஆமாங்க, திமிருதான்" என்றேன்.

அண்ணி ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டாள். காதின் உள்மடிப்பைத் திருப்பியதும் கை கூசியது. கொத்தமல்லி விதை அளவில் உண்ணிகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. பையிலிருந்த லேப் ஊசியால் காது நுனியில் குத்தி, வந்த சொட்டைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாக இழுத்துக் காயவைத்தேன். பிறகு, அண்ணன் போன மாதம் கீழே சந்தையில் வாங்கிவந்த இரண்டு கிடாய்களைப் பார்த்தேன். வாலுக்கு அடியில் இன்னும் அதிகமான உண்ணி. ஆனால் அவை கொழுகொழுவென்று நின்று இலை தின்றுகொண்டிருந்தன. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்.

ஞாயிறு வெள்ளனே முதல் பஸ்ஸில் கிளம்பினேன். லேப் அன்று மதியம் வரை திறந்திருக்கும். முதலாளி நான் சொன்னதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"மனுஷ ரத்தம் பாக்குற எடத்துல ஆட்டு ரத்தமா? கஸ்டமர் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"ஆட்டு ரத்தமும் செவப்புதான் சார். அஞ்சு நிமிஷம் குடுங்க. முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வேற ஆள் பாத்துக்கங்க."

எனக்கே என் வாய் ஆச்சரியமாக இருந்தது. அவர் நகர்ந்து வழிவிட்டார்.

சாயம் ஏற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கினேன். மலேரியா தேடிப் பழகிய கண்ணுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சிவப்பு அணுக்களுக்குள் பேரிக்காய் வடிவத்தில், கூரிய முனைகள் தொட்டுக்கொண்டிருக்க, இரண்டிரண்டாகக் கிருமிகள் இருந்தன. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரின் வீட்டுக்கே போனேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பபீசியா. உண்ணி கடிச்சு ரத்தத்துல ஏறுற கிருமி. அணுவ ஒடைக்குது, அதான் மூத்திரம் அந்த நெறத்துல போகுது. துத்தம் உடம்புல ஏறுனாலும் இப்படித்தான் போகும், ஆனா இந்தக் காய்ச்சல் அடிக்காது. புதுசா ஆடு எதுவும் வாங்குனீங்களா?"

சொன்னேன். அந்தக் கிடாய்களுக்கு இது பழகிய நோய், ரத்தத்தில் கிருமி இருந்தாலும் தாங்கிக்கொள்ளும், நம் மேல்மலை ஆடுகளுக்குப் புதிது என்றார். அன்று பிற்பகலே வந்து ஊசி போட்டார். படுத்துக் கிடந்தது பிழைக்கவில்லை. அடுத்த நாள் இன்னொன்றும் போனது. மற்றவை நான்கைந்து நாளில் தலை நிமிர்ந்தன.

அதற்குள் அந்தப் பெண்ணின் கிழங்குக் காட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயை யாரோ மூன்று இடத்தில் வெட்டியிருந்தார்கள்.

"எல்லார்ட்டயும் போய்ச் சொல்லுங்கண்ணே, அவ விஷம் வைக்கலன்னு" என்றேன்.

"நோயின்னு ஆயிப்போச்சுல்ல, மனுவும் குடுக்கல, விடு. இனி அதப் போய்ச் சொல்றதுதான் எனக்குச் சோலியா?"

"வாசல்ல நின்னு விஷம்னு சொன்னது நீங்கதான?"

அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில், அத்தனை பேருக்கும் கேட்கும்படி: செத்தது உண்ணிக் காய்ச்சலில், உண்ணி வந்தது எங்கள் வீட்டுக் கிடாய்களோடு, குழாயை வெட்டியவர் யாரானாலும் போய் ஒட்டிக் கொடுங்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியே அந்தப் பெண்ணின் காட்டுக்குப் போனேன். குழாயைத் தானே ஒட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருப்பேன்போல.

"நீ ரத்தம் பார்த்துச் சொல்லாட்டியும் நான் விஷம் வைக்கல்ல தானே?" என்றாள். "கண்ணாடியில தெரிஞ்ச பிறகுதான் நான் நல்லவளா?"

குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் என்னோடு பேச ஐந்து மாதம் ஆனது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமையும் போகாமல் இருக்கவில்லை. அண்ணி போடும் சோற்றைத் தின்றுவிட்டு, அவர் பார்க்கப் பார்க்க, ஆடுகளின் காதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன்.