கறுப்பு வயர்

திருப்பதி மலையடிவாரத்தில் எங்கள் டாக்சி தீப்பிடித்தபோது உள்ளே பிள்ளைகளோடு யாத்ரீகர் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியதும் என் வீட்டுக்காரர் அவர்களை இறக்கிவிட்டு, பானட்டைத் திறந்து, பாட்டரியின் தடி வயரை வெறுங்கையால் பிடுங்கிவிட்டார். உள்ளங்கை இரண்டும் வெந்துபோயின.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டெதிரே விட்டார்கள். கார்வேட்டிநகரத்தில் ஒரு பெரிய வீட்டில் ஓடிக் களைத்த வெளிநாட்டுக் கார் அது. என் கல்யாண நகைகளைப் போட்டு வாங்கினோம். அதை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. சின்னவள் ஓடிவந்து, "நைனா, கையில இன்னா?" என்று கேட்டாள். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சித்தூரில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் பர்மிட் போய்விடும். ஆந்திரா தனி ராஜ்யம் ஆன பிறகு பர்மிட்டுக்கு எத்தனை பேர் காத்துக்கிடந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஒருமுறை விட்டால் திரும்பக் கிடைக்காது.

எலக்ட்ரிக் வேலை தெரிந்த மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். வயர்களின் மேல் சுற்றியிருந்த நூலுறை கருகி, செம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு ரெண்டு மாத்தி பிரயோஜனம் இல்லம்மா. முழுசும் உருவிப்போட்டு புதுசா இஸ்துகினு வரணும். எனக்குக் கையில வேற வேலை கீது. மெட்ராஸுக்குக் கொண்டுபோங்க."

மெட்ராஸுக்கு எப்படிப் போவது? எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்கிற எல்லைத் தகராறில் அந்த வாரம் லாரிகூட ஒழுங்காக வரவில்லை. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சோறு பிசைந்து ஊட்டினால் வாயை மூடிக்கொண்டார்.

"கார இரும்புக்குப் போட்டுடுமே. பசங்கள இட்டுகினு நகரிக்குப் போயி உங்கம்மா வூட்டுல இரு."

"நீங்க?"

அவர் கட்டுப்போட்ட கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "நீங்க வாயால சொல்லுங்க. நான் கையால செய்யறேன்" என்றேன்.

நான் நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் முனையில் புதுப் பாவு நூலை இழை இழையாகச் சேர்த்து முறுக்கி வளர்ந்தவள். ஆயிரம் இழையைச் சேர்க்கிற கைக்கு இந்தப் பத்திருபது வயர் முடியாதா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லத் தைரியம் இல்லை.

மறுநாள் காலை சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்தேன். கருகின வாடை மூக்கை அடைத்தது. அவர் கதவோரம் நின்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"பாட்டரிலேர்ந்து சுவிட்சுக்கு வர்றது பழுப்பு. சுவிட்சுலேர்ந்து அந்தாண்ட போறது பச்சை. உன் கையில கீதே, அதான் பச்சை."

"இது பழுப்புங்க."

"பச்சைமே. ஒழுங்காப் பாரு."

எழுந்து வெளியே வந்தேன். வெயிலில் அந்த வயரின் கருகாத துண்டைப் பிடித்துப் பார்த்தேன். மண்ணு மாதிரி பழுப்பு. தீப்பிடிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எலி கடித்த வயர்களை அவரே சேர்த்திருந்தார். எதை எதோடு சேர்த்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. உள்ளே போய் வெற்றிலை ஒன்றும், காய்ந்துபோன ஆலிலை ஒன்றும் எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"எது வெத்தலைன்னு கேக்கல. எது பச்சை?"

நெடுநேரம் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்லக் கோணிக்கொண்டு போனது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

ரயில்வேயில் ஆள் எடுத்தபோது கண் பரீட்சையில் தள்ளிவிட்டார்களாம். ஊரில் எல்லோரிடமும் வேலை பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். மெட்ராஸ் சவாரி என்றால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தது அங்கே ரோட்டில் சிவப்பு, பச்சை விளக்குக் கம்பங்கள் இருப்பதால்தானாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

"அந்தப் பசங்க உள்ள இருந்துச்சுமே. வெந்திருந்தா?" என்று கேட்டுவிட்டு, கட்டுப்போட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நடுத்தெருவில், பட்டப்பகலில். நான் அவர் முன்னால் நின்று முந்தானையை விரித்து மறைத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

பஜாரில் வயர் வாங்கப் போனேன். கலர் வயர் கேட்டதற்குக் கடைக்காரர் கையை விரித்தார். மெட்ராஸ் சரக்கு வரவில்லை, கறுப்பு மட்டும்தான் இருக்கிறது என்றார். எல்லாமே ஒரே கறுப்பாக இருந்தால் எது எங்கே போகிறது என்று யார் கண்டுபிடிப்பது? வழியெல்லாம் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் அந்தச் சுருளைக் கீழே வைத்தபோதுதான் தோன்றியது. கலரே இல்லையென்றால் அவர் கண்ணும் என் கண்ணும் ஒன்று.

ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் தறி நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பாட்டரிக்கு ஒரு முடிச்சு. விளக்குக்கு இரண்டு. ஹாரனுக்கு மூன்று. மற்றதற்கெல்லாம் இடைவெளி விட்டு வேறு வேறு மாதிரி. கட்டுக்கு வெளியே இருந்த விரல் நுனியால் அவர் தடவிப் பார்த்து, "இது ஹாரன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டும் சொன்னார்.

முறுக்குவது எனக்குச் சுலபமாக வந்தது. முறுக்கின இடத்தில் ஈயத்தை உருக்கி வைப்பதுதான் வரவில்லை. சூட்டுக்கோல் கன்னத்தில் பட்டுக் கொப்புளித்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் பாட்டரியை மாட்டப் போனேன். மறுபடியும் புகை வந்தால் அவ்வளவுதான். பிள்ளைகளைத் தூரப் போகச் சொல்லிவிட்டு மாட்டினேன். புகை வரவில்லை. விளக்கைப் போட்டார், ஹாரன் அடித்தது. ஹாரனை அழுத்தினார், விளக்கு எரிந்தது. ஒரு முடிச்சை நான் சரியாக எண்ணவில்லை. பிரித்து மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சித்தூருக்குப் புறப்பட்டோம். துண்டைச் சுற்றிய கைகளால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. இந்தக் கண்ணோடு இவர் ஓட்டலாமா என்ற கேள்வி பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை அரித்துக்கொண்டே வந்தது. ஓட்டாவிட்டால் எதைத் துன்னுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். பிறகு பானட்டைத் திறந்தார். அவ்வளவும் கறுப்பு வயர், முனைக்கு முனை நூல் முடிச்சு.

"தாராலு கட்டிந்தி எவரய்யா?" நூல் கட்டினது யார் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் என் கன்னத்துக் கொப்புளத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வயரை இழுத்துப் பிடித்து, இது எதற்கு என்று அவரைக் கேட்டார். அவர் குனிந்து பார்க்கவில்லை. விரலால் தடவி, பின் விளக்கு என்றார். இன்னொன்று. அதையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் குறையைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். இன்ஸ்பெக்டர் பானட்டை மூடிவிட்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எதிர் ஓட்டலில் இட்லி வாங்கி, அவருக்குப் பிட்டு ஊட்டினேன். கூட்டம் எங்களையே பார்த்தது.

"விளக்கு வச்சப்புறம் இனிமே சவாரி எடுக்க மாட்டேன். ராத்திரியில ரயில்வே கேட்டு விளக்கு சிவப்பா பச்சையான்னு எனக்குத் தெரியாது. நீ இன்னா சொல்ற?" என்றார்.

ராத்திரி ரயிலில் வந்து இறங்குகிற கூட்டம்தான் எங்களுக்குப் பெரிய வரும்படி. அது போனால் ஒருவேளைச் சோறு போன மாதிரி. இருந்தாலும், "சரிங்க" என்றேன்.

சில வருஷங்களில் எல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. சில ஊர்கள் மெட்ராஸ் பக்கம் போயின, நாங்கள் ஆந்திராப் பக்கமே இருந்தோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தெலுங்கு படித்தார்கள். நான் வீட்டுக்குள் ஒரு தறி போட்டேன். பொழுது சாய்ந்ததும் அவர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்துவிடுவார். பொண்டாட்டிக்குப் பயந்த ஆள் என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கேலி பண்ணினார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, ஆமாம் என்பார்.