மேல்வரியில் வந்த செவ்வாய்

பேத்திக்கு மாப்பிள்ளை எப்படிப் பொருந்தினான் என்று கேட்கிறீர்களே, உங்களுக்கு ஏன் இந்த விடுப்பு? அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகுது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காதோ? சரி, இருந்து கேளுங்கள்.

பேத்திக்குச் செவ்வாய் எட்டில். அதே தோஷமுள்ள பெடியன் அமையும்வரை அதைப் பற்றி ஊரில் மூச்சுவிடக் கூடாது என்பது என் மகளின் கட்டளை. தெரிந்தால் வருகிற சம்பந்தமும் வாசல் படலையோடு திரும்பிவிடும் என்று அவளுக்குப் பயம்.

பேத்தி கம்பியூட்டர் வேலைக்காரி. பொருத்தம் பார்க்கும் இணையப்பக்கம் ஒன்று செய்து, தன் சாதகக் குறிப்பையே போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்தில் எழுதினால் அடுத்த பக்கத்தில் பலன் வரும். பூவும் கோலமுமாக வடிவாக இருந்தது. அவள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், அந்தப் பலன் பக்கத்தை எங்கள் தெரு ஒழுங்கைப் பெண்டுகளின் போன் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பேத்தியின் கெட்டித்தனத்தைப் பார்க்கட்டுமே.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டினாள்.

"மாமி, பிள்ளைக்குச் செவ்வாய் எட்டிலையோ?"

"ஆரடி சொன்னது?"

"நீங்கள்தான். அனுப்பின பக்கத்தின்ரை மேல்வரி முகவரியிலையே நட்சத்திரம், செவ்வாய், எல்லாம் வரிசையாக் கிடக்கு."

மகள் தலையில் கைவைத்து இருந்துவிட்டாள். பேத்தியோ சிரித்தாள்.

"முதல் பக்கம் எழுதினதை முகவரியிலை ஒட்டி அனுப்ப விட்டிட்டன், அம்மம்மா. இனி அது உள்ளுக்காலை போகும். மேலை ஒண்டும் தெரியாது."

"கறிச்சட்டியை மூடிக்கொண்டு போற மாதிரி எண்டு சொல்லன்."

"ஓம். ஆனால் வழியிலை மறிச்சு மூடியைத் திறந்தால் தெரியும். அதுக்குப் பூட்டு வேறை போடவேணும்."

பூட்டும் போட்டாள். ஆனால் அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி திரும்பவும் வந்து, படலைக்குள் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"மாமி, வல்வெட்டித்துறையிலை எங்கடை அண்ணையின்ரை பெடியனுக்கும் எட்டிலைதான். நாங்களும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

இரண்டு வீடும் ஒரே செவ்வாயை ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் ஒளித்து வைத்திருந்திருக்கின்றன. கீரிமலைக் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போல பெடியனும் பேத்தியும் பார்த்துக்கொண்டார்கள். மகள் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

கலியாண எழுத்து முடிந்த பிறகு ஒழுங்கைப் பெண்டுகள் என்னிடம் வந்து குறைப்பட்டார்கள்.

"ஆச்சி, இப்ப அனுப்புற பக்கத்திலை ஒருத்தற்றை குறிப்பும் தெரியுதில்லையே?"

"மாப்பிள்ளை கிடைச்சிட்டான், மூடிப்போட்டம்," என்றேன். "உங்கடை பிள்ளையளின்ரையை நீங்களே வந்து என்ரை காதுக்குள்ளை சொல்லுங்கோ."