சம்ப்புக்குள்ள கட்டின நுரைக்கூடு

என் ஹவுஸ் ஓனர் மேல எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறல. ஆற விடப்போறதும் இல்ல.

தாம்பரத்துக்கு மேற்கால வீடு. அவர் கீழே, நாங்க மாடியில. போன மழைக்காலத்துல ஒருநாள், லாரித் தண்ணி ரொப்ப, வாசல்ல தரைக்கடியில இருக்கிற சம்ப்புத் தொட்டி மூடியைத் தூக்கினவர் தெருவே அதிரக் கத்தினார். "டீச்சர்! உங்க வாஷிங் மெஷின் சோப்புத் தண்ணி என் சம்ப்புல எறங்குது! இதைக் குடிச்சு நாங்க சாவணுமா?"

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணிக்கு மேல, உள்சுவர்ல வெள்ளையா ஒரு கைப்பிடி நுரை. ஸ்கூல்ல விலங்கியல் எடுக்கறவ நான், எனக்குத் தெரியாதா? "சார், இது மரத்தேரையோட முட்டைக்கூடு. பொட்டைத் தேரை ஆண் தேரையை முதுகுல சுமந்துக்கிட்டே வந்து, முட்டையோட விடற பசையைப் பின்னங்காலால அடிச்சு அடிச்சு நுரையாக்கும். உள்ள இருக்கிற முட்டை காயாது. பொரிஞ்சதும் குஞ்சுங்க நேரா தண்ணியில விழுந்துடும்."

"தேரை இன்னா, சோப்பு போட்டுக் குளிக்குதா?"ன்னார். எதிர் வீட்டு அக்கா உட்பட அத்தனை பேரும் சிரிச்சாங்க. இனிமே நான் மெஷினே போடக்கூடாதாம். நுரையையும் யாரும் தொடக்கூடாதாம், பிளம்பர்கிட்ட சாட்சியா காட்டணுமாம்!

மழையில பிளம்பர் வரல. நான் கையால துவைச்சேன். ஈர யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக் காயவெச்சு பிள்ளைங்களை அனுப்பினேன். துணியை அடிச்சுத் துவைக்கும்போதெல்லாம் அவரை நெனச்சுப்பேன், துணி நல்லாவே வெளுத்துச்சு. நுரை கரைஞ்சு குஞ்செல்லாம் தண்ணியில விழுந்ததைப் பார்த்தேன். எங்க குழாய்ல துணி கட்டிக்கிட்டேன். அவர்கிட்ட மூச்சு விடல.

ஒரு ஞாயித்துக்கிழமை அவர் பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. ஓனர் சம்ப்புல பக்கெட்டை விட்டு மொண்டு, வாசல்ல கைகால் கழுவக் கொடுத்தார். மாப்பிள்ளையோட அம்மா உள்ளங்கையில கறுப்பா ஏதோ நெளிஞ்சுது.

"ஐயையோ, புழு! இந்தத் தண்ணியிலதான் சமைச்சீங்களா?" அந்தம்மா கழட்டின செருப்பை மறுபடி மாட்டிக்கிட்டாங்க.

ஓனர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். "டீச்சர், புழு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. பொண்ணு வாழ்க்கை."

"சொல்றேன் சார். மொதல்ல அந்த நுரை என் சோப்புத் தண்ணி இல்லன்னு நீங்க சொல்லுங்க. இங்க வேணாம், தெருவுல."

கூடவே எறங்கினேன். கேட் கிட்ட நின்னு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னார். "அது தேரை முட்டைதாங்க. டீச்சர் மேல தப்பே இல்ல."

"கேக்கல சார்."

மறுபடி, சத்தமா சொன்னார். எதிர் வீட்டு அக்கா பால்கனிக்கே வந்துட்டாங்க. அப்புறம்தான் மாப்பிள்ளையோட அம்மாகிட்ட போய், அது வெறும் தலைப்பிரட்டைன்னு பொறுமையா விளக்கினேன்.

முதல் தடவை அவர் சொன்னதே எனக்கு நல்லாக் கேட்டுச்சு.