பொம்மைக்கு மூச்சு கொடுக்கத் திருச்சிக்கு ஒரு பயணம்

லால்குடியில் நாங்கள் நடத்தும் குழந்தைகள் காப்பகம் நடவுக் காலத்தில்தான் நிரம்பும். தாய்மார் வயலில் இறங்கும் முன் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். காப்பகத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருப்பது ஒரு மூங்கில் வேலி மட்டுமே. முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பிக்காத எவரும் குழந்தைகள் அறையில் தனியாக இருக்கக் கூடாது என்று இந்த 1962 ஆடியில் எங்கள் கமிட்டி தீர்மானம் போட்டது. சரியான தீர்மானம்தான். நான் சான்றிதழ் வாங்கியே பல வருஷங்கள் ஆகிவிட்டன. கான்வென்டில் டீச்சராக இருந்தபோது கற்றுக்கொண்டபடி இன்றும் கண்ணை மூடிக்கொண்டு கட்டுப் போடுவேன். ஆனால் மூச்சு நின்றவருக்குச் செய்யும் முறை அடியோடு மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது என்னவென்று நேரில் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என்னுடன் திருச்சி வகுப்புக்கு வந்தவர் ரங்கநாயகி. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர், வயது நாற்பது இருக்கும், என்னைப் போலவே கணவரை இழந்தவர். கைக்குழந்தைகள் அறை முழுவதும் அவர் பொறுப்பு. தேறாவிட்டால் அவரைச் சாமான் அறைக்கு மாற்றிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காலை ஏழே காலுக்கு லால்குடியில் பாசஞ்சர் ஏறினால் திருச்சி டவுன் ஸ்டேஷனுக்கு எட்டு மணிக்குள் போய்விடலாம். சுமார் பன்னிரண்டு மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் அறுபது நயா பைசா. இடது பக்கம் உட்காருங்கள். கொள்ளிடத்திலும் காவிரியிலும் தண்ணீர் கரை தொட்டு ஓடுவதைப் பார்க்கலாம். ஸ்டேஷனிலிருந்து மலைக்கோட்டைக் கடைவீதிக்குக் குதிரை வண்டிக்காரர் முக்கால் ரூபாய் கேட்டார். அரை ரூபாய்க்கு மேல் தருவதில்லை என்றேன். "கான்வென்ட் டீச்சருங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

வகுப்பு ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் நடந்தது. நேரம் ஒன்பது முதல் மாலை நான்கு வரை, இரண்டு நாள். பயிற்சியாளர் ஆரோக்கியசாமி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது பெண்கள் வந்திருந்தோம். எல்லோரும் காப்பகங்களிலோ பாலர் பள்ளிகளிலோ வேலை செய்பவர்கள்.

நான் படித்த முறை இது: குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்தி அழுத்தி விடுவது. அதை ஏன் மாற்றினார்கள் என்று எழுந்து நின்று கேட்டேன். ஆரோக்கியசாமி வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு பெண்ணைக் குப்புறப் படுக்கவைத்து, மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லி, அவர் மூக்கின் முன்னே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தபடி முதுகை அழுத்தினார். காகிதம் லேசாக அசைந்தது. பிறகு ஒரு ரப்பர் பொம்மையை எடுத்தார். அதன் நெஞ்சுக்குள் சைக்கிள் டியூபில் செய்த ஒரு பை வைத்திருந்தார். பொம்மையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி ஊதினார். நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? கண்ணால் பார்த்ததை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் செய்வது வேறு விஷயம். கன்னத்தில் அடங்கும் காற்று போதும், நெஞ்சு எழும்பியதும் நிறுத்திவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். இருபது பேரில் பாதிப் பேர் ஊதுகுழலில் அடுப்பு ஊதுவது போல ஊதினோம். என் முறை வந்தபோது பை பொம்மைக்குள் கழன்றே போய்விட்டது. "லால்குடியில ஈர விறகு போலிருக்கு" என்றார் புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள். சிரித்தார்கள். அவர் ஊதியபோது என்ன ஆனது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ரங்கநாயகியின் முறை வந்தது. "வாய்க்காலிலிருந்து தூக்கிட்டு வந்தாச்சு, மூச்சு இல்லை" என்று சொல்லி ஆரோக்கியசாமி பொம்மையை அவர் கையில் கொடுத்தார். ரங்கநாயகி அதைப் பாயில் பத்திரமாகக் கிடத்தினார். எழுந்து கொல்லைப்புறக் குழாய்க்கு இறங்கிப் போனார். மூன்று முறை வாய் கொப்பளித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, மாடியேறி வந்து, எங்கள் எல்லோரையும் விட மென்மையாக ஊதினார்.

ஆரோக்கியசாமி கைக்கடிகாரத்தைக் காட்டினார். "மூணு நிமிஷத்துக்கு மேல ஆச்சும்மா. குழந்தை போயிடுச்சு."

"சாமிக்கு நைவேத்தியமா பண்றீங்க?" என்றார் புத்தூர் அம்மாள்.

ரங்கநாயகி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "குழந்தையோட எச்சில் எனக்கு அருவருப்பில்லை ஸார். எத்தனையோ குழந்தைகள் என் மேல கக்கியிருக்கு. என் எச்சிலை எப்படி ஒரு குழந்தை வாயில விடறது?"

மறுநாள் இன்னொரு வாய்ப்பு உண்டு, அதுதான் கடைசி என்று ஆரோக்கியசாமி சொல்லிவிட்டார்.

அன்று மாலை பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனோம். நான்கு மைலுக்குச் சற்றுக் குறைவு, பதினைந்து நயா பைசா. வடக்கு உத்திர வீதியில் ரங்கநாயகியின் தம்பி வீட்டில் தங்கினோம். தம்பி வெளியூர் போயிருந்தார். தம்பி மனைவி கோதை, ஏழு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களை வரவேற்றாள். "தளிகை ஆயாச்சு, வாங்கோ" என்று முன்கூடத்தில் எனக்கு இலை போட்டாள். சமையலறைக்குள் என்னை அழைக்கவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. என் சமையலறைக்குள்ளும் நான் யாரையும் விடுவதில்லை. புளியோதரை உயர்தரம்.

சாப்பிட்டு முடித்ததும், வகுப்பில் என்ன நடந்தது என்று கோதை கேட்டாள். ரங்கநாயகி தானே எதையும் மறைக்காமல் சொன்னார். பொம்மையைக் கிடத்திவிட்டுக் குழாய்க்குப் போன இடம் வந்ததும் கோதை சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அக்கா, இவனுக்கு மூச்சு நின்னுட்டாலும் வாய் கொப்பளிச்சுண்டுதான் வருவேளா?"

ரங்கநாயகி தன் இலையை மடித்தார்.

"அதுவரைக்கும் இவன் என்ன பண்ணுவான்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலத்தான் கேட்டாள். ரங்கநாயகி இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். படுக்கும் வரை அந்தக் குழந்தை அவர் மடியில்தான் இருந்தது. அதன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஆரோக்கியசாமி அதே வார்த்தைகளைச் சொல்லிப் பொம்மையைக் கொடுத்தார். ரங்கநாயகி பாயில் உட்கார்ந்தார். சேறு இருக்கிறதா என்று விரலால் பொம்மையின் வாயைத் துழாவினார். தலையைச் சற்றே பின்னால் சாய்த்தார். குனிந்தார். நெஞ்சு எழும்பியது, தாழ்ந்தது, எழும்பியது. நான் வாய்க்குள்ளேயே எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபது, சரியாக.

"போதும்மா, தேறிட்டீங்க" என்றார் ஆரோக்கியசாமி.

ரங்கநாயகி முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினார். "இன்னும் மூச்சு வரலையே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. புத்தூர் அம்மாள் கூடத்தான். ஆரோக்கியசாமி பாயின் ஓரத்தில் முழங்காலிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். "டாக்டர் வந்தாச்சும்மா. இப்படிக் குடுங்க." அப்போதுதான் ரங்கநாயகி பொம்மையைக் கொடுத்தார்.

ரங்கநாயகி கைக்குழந்தைகள் அறையிலேயே இருக்கிறார். எனக்கும் புதிய சான்றிதழ் கிடைத்தது, இரண்டாவது முயற்சியில்.

நீங்களும் போவதாக இருந்தால் சில வார்த்தைகள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது போய் வாருங்கள். முறைகள் மாறுகின்றன, நாம் கற்றதில் எது மாறியது, ஏன் மாறியது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். தரையில் குனிந்து எழ வேண்டியிருக்கும், பழைய புடவை கட்டிக்கொள்ளுங்கள். மலைக்கோட்டைக் கடைகளுக்குள் வகுப்பு முடிந்த பிறகு மட்டும் நுழையுங்கள். முன்னால் நுழைந்த இருவர் பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். தங்குவதற்குத் திருச்சியில் நல்ல விடுதிகள் உண்டு. ஆனால் தெரிந்தவர் இருந்தால், கைக்குழந்தை உள்ள வீடாகப் பார்த்துத் தங்குங்கள்.