மருதமுத்துவின் மூன்று பங்குகள்

எங்கள் கரும்புத் தீவில், லாங் மவுண்டன் என்ற ஊரில் மருதமுத்துவை எல்லாரும் ‘அக்சியோனேர்’ என்று கூப்பிடுவார்கள். சர்க்கரை ஆலையில் பங்கு வைத்திருப்பவர் என்று பொருள். கேலிக்கு வைத்த பெயர்தான். கடைசிவரை அது அவருக்குத் தெரியவில்லை. அவர் என் அக்காள் புருஷன். நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன்.

பெரிய யுத்தம் முடிந்து சர்க்கரை விலை கண்டபடி ஏறிய வருஷம் அது. கால் காணி கரும்பு வைத்திருந்தவன்கூடச் சப்பாத்து மாட்டிக்கொண்டு திரிந்தான். அப்போது போர்ட் லூயிஸிலிருந்து ரேமோன் என்ற தரகர் வந்தார். எங்கள் கரும்பு போகிற ஆலை பங்கு விற்கிறது என்றார். ஆலையைப் பல்லாயிரம் துண்டாக நினைத்துக்கொள். ஒரு துண்டை வாங்கினால் லாபத்திலும் ஒரு துண்டு உனக்கு. இதை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். லாபம் இல்லாத வருஷம் ஒன்றும் வராது, போட்ட பணத்தை ஆலையிடம் திருப்பிக் கேட்க முடியாது, வேறொருவன் வாங்க வந்தால்தான் அன்றைய விலைக்குக் கை மாற்றலாம் என்பதையும் சொன்னார். ஆனால் வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார்.

மருதமுத்து முதல் பாதியோடு நின்றுவிட்டார். முனீஸ்வரனுக்கு வெட்டின ஆட்டில் பங்கு போடுவது மாதிரி என்று எடுத்துக்கொண்டார். ஆட்டில் பங்கு சேர்ந்தவனுக்கு அன்றைக்கே கறி கிடைத்துவிடும். வீட்டுப் பக்கத்துக் கரும்பு நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மலையடிவாரத்து நிலத்தையும் இரண்டு பசுக்களையும் விற்று, விலை உச்சத்தில் இருந்தபோது மூன்று பங்கு வாங்கினார். என் அக்காள் கொஞ்சமாவது கையில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் சொன்னது யார் காதில் ஏறியது?

மறுவருஷமே சர்க்கரை விலை விழுந்தது. பங்கைப் பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆள் இல்லை. விற்க முடியாமல் போகவே அவர் அதை மெச்ச ஆரம்பித்தார். அறுவடைக் காலத்தில் ஆலை முற்றத்தில் போய் நிற்பார். “மோ மூலேன்” என்பார், என் ஆலை என்று. வெற்றிலை எச்சில் துப்புகிறவனை அதட்டுவார். துரைமார் கார் வந்தால் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் இரும்புக் கதவைத் திறந்துவிடுவார். அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது இதையெல்லாம் பார்ப்பேன்.

மருதமுத்துவின் அக்காள் தைலம்மா புருஷனை இழந்தவள். குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தாள். இவர் பங்கு வாங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷக் கரும்பு எடை குறைந்தால் குத்தகை கட்ட முடியாது, நிலம் போய்விடும். எடை குறைந்தது. அவளுக்கு மட்டுமல்ல, எல்லாருடைய வண்டியும் ஆலைத் தராசில் இளைத்துப்போயிற்று. அடுத்த வண்டி போன அன்று ஊரார் தராசைச் சோதிக்கச் சீனன் கடையிலிருந்து அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

“மொதல்ல மூட்டைய பலான்ஸ்ல வை,” என்றாள் தைலம்மா, தராசைக் காட்டி. “ஒரு மூட்டை என்ன எடைன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்.”

எடை போடுகிற க்ளெமான் பல்லைக் குத்திக்கொண்டே மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மருதமுத்துவைப் பார்த்துச் சிரித்தார்.

“முசியே மருதமுத்து, நீங்களும் இந்த ஆலைக்குச் சொந்தக்காரர்தானே. உங்களுக்குச் சந்தேகம் என்றால் வைத்துப் பார்க்கலாம்.”

வெள்ளைக்காரன் ஒருவன் அவரை முசியே, அதாவது ஐயா, என்றது அதுதான் முதல் தடவை. தொப்பி கைக்கு வந்துவிட்டது.

“சந்தேகமெல்லாம் ஒண்ணும் இல்ல, முசியே.”

“தம்பி, என் கரும்புடா,” என்றாள் தைலம்மா.

“சும்மா இரு அக்கா. நம்ம ஆலைய நாமளே திருடன்னு சொன்னா பங்கு வெல என்னா ஆவும்?”

வண்டிக்காரன் சுப்பராயன் கேட்டான்: “ஒன் வண்டியும் இதே பலான்ஸ்லதான ஏறுச்சு, அக்சியோனேர்? ஒன் கரும்ப நீயே திருடிக்கிட்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஆலை தராசில் விழுங்கினது பல்லாயிரம் துண்டாகப் பிரியும். அதில் மூன்று துண்டு இவருக்கு வரும். இவர் வண்டியில் குறைந்ததோ முழுக்க இவருடையது. ஒரு பானைச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போனவன் மூன்று பருக்கையைத் திருப்பித் தந்தால், அதை ஏந்த இரண்டு கையையும் நீட்டுகிற மனிதர். பங்கு வாங்குகிறவன் யோசிக்க வேண்டிய கணக்கு இது. படிப்பை நடுவில் விட்ட எனக்கே புரிந்தது. அவருக்கும் புரியாமல் இருந்திருக்காது. முசியே என்ற அந்தச் சொல் போதும் என்று இருந்துவிட்டார்.

மூட்டைகள் கடைக்கே திரும்பின. தைலம்மாவின் நிலம் போயிற்று. மாடுகளை விற்றுவிட்டு, சென்ட்ர் டி ஃப்ளாக்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக மூட்டை கட்டினாள். அதற்குள் ஆலை லாபம் அறிவித்தது. பல வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் லாபம். மருதமுத்து பிஸ்கோத்து வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். நானும் அக்காளும் கூடப் போனோம்.

“மாடு வித்த காசு சும்மாதான கெடக்கு, அக்கா? ஒரு பங்கு வாங்கிப் போடு. இந்த வருசம் ஆலை நல்லா பண்ணியிருக்கு.”

தைலம்மா பாயைச் சுருட்டுவதை நிறுத்தினாள். “அந்த நல்லது எங்கேர்ந்து வந்துச்சு, தெரியுமா?”

“அதத்தான் சொல்றேன். நீயும் அப்பவே வாங்கியிருந்தா ஒனக்கும் வந்திருக்கும்ல?”

கேலியில்லை. உண்மையான பாசத்தோடுதான் சொன்னார். என் அக்காள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தைலம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் மூடின கதவின் முன்னால் நின்று, பங்கு எப்படி ஏறும் என்று இன்னும் கொஞ்ச நேரம் விளக்கிக்கொண்டிருந்தார்.