தூக்கச் சொன்ன கை

கட்டடம் எழும்பும் இடங்களில் கிரேனுக்குச் சைகை காட்டுவது சித்தப்பாவின் வேலை. மேலே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது தெரியாது; சித்தப்பாவின் கைதான் அவருக்குக் கண். ஒருநாள் அந்தக் கை 'தூக்கு' என்று காட்டியது. கம்பிவடம் அறுந்து, தூக்கிய சுமை விழுந்தது. கீழே நின்ற கூட்டாளி எழவே இல்லை.

அதன்பின் சித்தப்பா கிடங்குக் காவலுக்குப் போனார். கை கால்சட்டைப் பைக்குள் போனது. சாப்பிட வெளியே வரும், பூட்டுத் திறக்க வரும். யாரைப் பார்த்தும் உயராது.

"என் கை எழும்பினா ஒரு உசுரு போயிரும்" என்பார். பள்ளிக்கூட வாசலில் மகள் திரும்பித் திரும்பிக் கையாட்டுவாள். இவர் பைக்குள் விரல்களை இறுக்கிக்கொண்டு நிற்பார்.

அந்த மகளுக்குத் தூர ஊரில் வேலை கிடைத்தது. "போற அன்னைக்காவது கையாட்டுவீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்விதான் அவரை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு நெட்டித் தள்ளியது.

துணைக்கு நான். எங்கள் வகையறாவில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான்தான். படித்தது கணக்கு என்றாலும் காய்ச்சலிலிருந்து கோர்ட்டு வரை என்னைத்தான் கூட்டிப்போவார்கள்.

அங்கே வட்டமாக நாற்காலிகள். விபத்து, தீ, வெள்ளம் என்று எதிலிருந்தோ தப்பி, தப்பியதற்காகவே தங்களைத் திட்டிக்கொள்ளும் மனிதர்கள். டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்தார்: பக்கத்தில் இருப்பவரின் நினைப்பைத் தன்னுடையதுபோலச் சொல்ல வேண்டும், அந்த நினைப்புக்குச் சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும்.

சித்தப்பாவின் நினைப்பு ஒரு லாரி டிரைவருக்கு வாய்த்தது.

"நான்தாங்க கொன்னேன். என் ஒரு கைய நம்பித்தானே எல்லாம்? நான் நிறுத்துன்னு காட்டியிருந்தா அவன் இருந்திருப்பான்."

"யோவ், தொழில் தெரியாம பேசாத!" சித்தப்பா சீறினார். "தூக்குன்னு சொல்லத்தான் ஒரே ஆளு. நிறுத்துன்னு யார் வேணாலும் காட்டலாம். சித்தாள் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாகணும். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துட்டுதான் இருந்தோம். வடம் உள்ளுக்குள்ள இத்துப் போனது எவன் கண்ணுக்குத் தெரிஞ்சுது?"

"அப்போ என் மேல தப்பில்லங்கறீங்க?"

சித்தப்பாவின் முகத்தைத் துடைக்கக் கை வெளியே வந்தது.

வீட்டில் சித்தி விடவில்லை. "இதைத்தானே நான் தலைகீழா நின்னு சொன்னேன்? லாரிக்காரர் சொன்னாத்தான் ஏறுமோ?"

"அவர் எங்க சொன்னாரு? நான்தான் சொன்னேன்" என்றார் சித்தப்பா. பிறகு, "பாப்பா ஸ்கூலுக்குப் போறப்பவே அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்" என்றார்.

வாராவாரம் போனோம். கை நெஞ்சு வரை வந்தது. பிறகு தோள் வரை.

மகள் புறப்பட்ட நாளில் பஸ் நகர்ந்ததும் அந்தக் கை தலைக்கு மேல் உயர்ந்தது. ஜன்னலோரம் இருந்தவள் திரும்பவில்லை. ஆசைக்குக் கேட்டாளே ஒழிய நம்பிக் கேட்கவில்லை. திரும்பிப் பார்ப்பதைப் பள்ளிக்கூடத்திலேயே, ஏதோ ஒரு வகுப்பில், விட்டிருந்தாள். பஸ் வளைவில் மறைந்த பிறகும் சித்தப்பா கையை இறக்கவில்லை.

பின்னால் வந்த பஸ் அவருக்காக நின்றது. "எங்க போகணும் பெரியவரே? சட்டுனு ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

"அவர் எங்கயும் போகலப்பா. நீ கிளம்பு" என்றாள் சித்தி.