டீசல் வண்டிக்கு நான் வாங்கிய பேட்டரி

காரைக்காலில் குளிர் கிடையாது. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்ததும், பேட்டரிக் கடையில் வைத்தே அதை அறிவித்ததும் நான்தான்.

காரின் பழைய பேட்டரி செத்துப்போயிருந்தது. கடைக்காரர் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், உங்களுது டீசல் வண்டி. இஞ்சினச் சுத்திவுடத் தெம்பு வேணும். இதுல கிராங்கிங் பவர் கூட, இதையே எடுத்துக்குங்க" என்றார். இன்னொன்றின் லேபிளில் அந்த பவர் எண் பாதிதான். ஆனால் வாரண்டி ஒரு வருடம் கூடுதல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். அந்த எண் கடுங்குளிரில் சோதித்துப் போட்டது என்று தெரிந்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி எழுந்துவிட்டான்.

"இது நமக்கு எதுக்குங்க? திருநள்ளாத்துல பனிக்கட்டியா கொட்டுது?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க இஷ்டம் சார்" என்று வாரண்டிக்காரனைத் தூக்கி மாட்டிவிட்டார்.

மூன்று வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. தெருவில் சிக்கியவர்களுக்கெல்லாம் பேட்டரி பற்றி வகுப்பெடுத்தேன்.

கார்த்திகை மழையில் நான்கு நாள் வண்டியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் என் மனைவிக்குப் புதுச்சேரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒன்பது வருடம் ஒப்பந்த ஆசிரியையாக இருந்தவளுக்கு நிரந்தர வேலை வருகிறது. பத்து மணிக்குள் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, மடியில் ஃபைலோடு முன்சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் ஒருமுறை முனகியது. அடுத்தமுறை முனகக்கூட இல்லை, டிக் டிக் என்றது.

"கொஞ்சம் பொறு, வாரண்டி இருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் இறங்கினாள். ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, மழையில் மெயின் ரோட்டுக்கு நடந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பஸ்ஸில் பாதி வழி நின்றுகொண்டே போய், பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தாளாம்.

மறுநாளே கடைக்காரர் முதலில் காட்டிய பேட்டரியை வாங்கி மாட்டினேன். அவர் வாரண்டிக்காரனைக் கழற்றி, அதன் வாரண்டி அட்டையைப் பத்திரமாக என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

வேலை கிடைத்துவிட்டது, திருமலைராயன்பட்டினத்துப் பள்ளியில். சேருகிற நாளன்று வண்டியைத் துடைத்து, சாவியைத் தொட்டவுடன் கிளம்பிய இஞ்சினை உறுமவிட்டு, வாசலில் காத்திருந்தேன். அவள் வெளியே வந்து செருப்பை மாட்டினாள்.

"நீங்க உள்ள போங்க. இன்னிக்கு மொத நாளு, நேரத்துக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.